பார்க்கிங் லொட் நல்லாயிருந்தது

போன கோடையில் ரொறன்ரோவிலிருந்து சில குடும்பங்கள் சேர்ந்து ஐரோப்பா பார்க்கப் போனோம். எல்லோரும் ஓய்வுபெற்றவர்கள். ஒரு பெரிய பஸ். ஒவ்வொரு நகரத்திலும் ஒரு மணித்தியாலமோ இரண்டோதான் நிற்கும். வெளிச்சாப்பாடு ஒத்துவராது, சமைத்தே கொண்டுபோவோம் என்று திட்டம் போட்டவன் நான். பெண்கள் விடியவே எழும்பி விடுதி அறையில் றைஸ் குக்கரை வைப்பார்கள். பஸ் நின்றதும் ஆண்கள் படம் எடுக்கப் போவோம். பெண்கள் பஸ்ஸடியில் நின்று சோறு போடுவார்கள், சட்டி கழுவுவார்கள். புறப்படும் நேரம் வந்துவிடும்.

அம்ஸ்ரடாமில் இருந்தபோது, கனடாவில் விட்பியிலிருக்கும் மகள் போனில், "அம்மா, இடம் எப்பிடி?" என்று கேட்டாள்.

"பார்க்கிங் லொட் நல்லாயிருந்தது" என்றாள் என் மனைவி. பகிடி என்று நினைத்துச் சிரித்தேன்.

அடுத்த நாள் கொலோன். பெரிய தேவாலயத்தின் கோபுரங்கள் தூரத்திலேயே தெரிந்தன. நாங்கள் படம் எடுத்துவிட்டுச் சாப்பிட வந்தோம். மனைவி சோற்றுச் சட்டியைத் திறந்தாள். கோபுரத்தைப் பார்த்தாள். அகப்பையை என் கையில் தந்தாள்.

"போட்டுச் சாப்பிடுங்கோ. நான் உந்தக் கோயிலைப் பாக்கப் போறன்."

"அண்ணை, அக்கா ஸ்ரைக் போல!" என்று ஒருவர் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

"பஸ் நிக்காது, சொல்லிப்போட்டன்."

"நிக்காட்டிப் போகட்டும்" என்றுவிட்டு நடந்தாள்.

புறப்படும் நேரமாகியும் அவளைக் காணவில்லை. ஆண்கள் ஏறி இருந்துவிட்டோம். அவளுடைய போன் இருக்கையில் கிடந்தது. அன்றிரவு எந்த விடுதி என்றும் அவளுக்குத் தெரியாது. அதெல்லாம் தெரிந்துகொண்டுதான் வழிகாட்டியிடம் சொன்னேன்: "விட்டிட்டு வெளிக்கிடுங்கோ. அப்பதான் அவவுக்குப் புத்தி வரும்."

கீழே சட்டி கட்டிக்கொண்டிருந்த பெண்களுக்கு அது கேட்டுவிட்டது. அதிகம் கதைக்காத மூத்த அம்மா ஒருவர் வாசலுக்கு வந்தார்.

"அவ வராமல் நாங்கள் ஒருத்தரும் ஏறமாட்டம். நீங்கள் வெளிக்கிடுங்கோ தம்பி. ராச்சாப்பாட்டுக்கு என்ன செய்யிறியள் எண்டு பாப்பம்."

"ஏறுமப்பா" என்று ஒரு கணவர் கெஞ்சினார். "நீங்கள் இறங்குங்கோ" என்று பதில் வந்தது. சாரதி எஞ்சினை நிறுத்தினார்.

மனைவி ஐஸ்கிரீமோடு ஆறுதலாக வந்தாள். "உள்ளுக்க எவ்வளவு உயரம் தெரியுமோ? கழுத்து நோகுது" என்று பெண்களிடம் சொன்னாள். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. உடனே மற்றப் பெண்கள் எல்லோரும், "நாங்களும் பாத்திட்டு வாறம்" என்று போய்விட்டார்கள். அவர்கள் வரும்வரை நாங்கள் பார்க்கிங் லொட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது நல்லாயிருக்கவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். "பாப்பம்" என்றாள். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். இதை எழுதினால் மரியாதை போய்விடும் என்கிறார்கள் நண்பர்கள். போகட்டும். இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் சோறு போடுவது நான்தான். ஒவ்வொரு முறையும் "விட்டிட்டு வெளிக்கிடுங்கோ" என்ற என் குரல் காதில் விழுகிறது. விழட்டும், அகப்பையை நான் கீழே வைக்கப்போவதில்லை.