எண்ணில்லாமல் ஒரு கணக்கு

கதை சொல்லப் போன கல்வராயன் மலைப்பள்ளியில் அந்தக் கணக்கு டீச்சரைப் பார்த்தேன். நரையோடிய ஒற்றைப் பின்னல்; பின்னால் ஜன்னல் நிறைய மேகம். கணக்கை எண்ணில்லாமல் கதையாகச் சொல்லும்வரை யாருக்கும் பேனா கிடையாது. எல்லாப் பேனாக்களும் அவர் மேசைமேல் கிடந்தன.

பொதுத்தேர்வு நெருங்கியும், நீளமான கணக்கென்றால் வெறுந்தாளாக விடும் ஒரு மாணவி எழுந்தாள்.

“தொட்டியில தண்ணி ஊத்திக்கினு இருக்குதுங்க டீச்சர். கீழ ஓட்டை.”

“அடைக்கத் துப்பில்லாத வூடு போல” என்றது பின்பெஞ்சு. வகுப்பு சிரித்தது.

“சிரிக்கட்டும். தொட்டி நெறையுமா?” என்றார் டீச்சர்.

அவள் கணக்கை வாய்க்குள் மறுபடி வாசித்தாள். “ஜாஸ்தி வருது, கம்மியா போவுது. நெறையுங்க. லேட்டாவும்.”

டீச்சர் பேனாவை நீட்டினார். அவள் எழுத எழுத, தாளைப் பார்க்காமல், அசையும் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். விடை என்னவென்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஏனோ அதற்கு அவசரமே இல்லையென்று தோன்றியது.