கணினி மன்றத்தில் ஒரே ஓர் இடம்

தில்லியில் நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல்தான்: ‘கல்’. ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். பெண்கள் விடுதி மெஸ்ஸில் பரிமாறுகிற பையா, ஆறிப்போன ராஜ்மாவைக் காட்டி "கல் கா ஹை" என்பார். நேற்று செய்தது என்று பொருள். கரூரிலிருந்து எம்.எஸ்ஸி. படிக்க வந்த நான் அப்படித்தான் அந்தச் சொல்லைக் கற்றேன். அதற்கு இன்னொரு பொருளும் உண்டு என்று தெரிந்தபோது காரியம் கெட்டிருந்தது.

எங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே நடத்தும் கணினி மன்றம் உண்டு. அதில் இருப்பவர்களுக்குத்தான் சீனியர்கள் கோடைப் பயிற்சிக்கு வழிகாட்டுவார்கள். சேர விரும்புபவர்கள் இருவர் இருவராக ஒரு புரோகிராம் எழுதித் தர வேண்டும். வைஷ்ணவி என்னைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டாள். தில்லியிலேயே, துவாரகா பகுதியில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. இங்கேயே இளங்கலை படித்தபோது இரண்டு முறை முயன்றும் மன்றத்தில் இடம் கிடைக்காதவள். "நீ கோட் எழுது, பேசறதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றாள். விடுதியில் தொலைந்த பொருட்களைப் பதிந்து தேடும் புரோகிராம் ஒன்றை மூன்று வாரம் உட்கார்ந்து எழுதி முடித்தேன்.

அந்த வாரம் அவளுக்கு டெங்கு. மன்றக் கூட்டத்துக்கு நான் தனியாகப் போனேன். தலைவன் ரோஹன் ஆங்கிலத்தில் தொடங்கி, வேகமான ஹிந்திக்கு மாறி, "கல் லாஸ்ட் டேட் ஹை" என்று முடித்தான். நேற்றோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் முதல் வாரத்தில் என் ஹிந்தியைக் கேட்டு வகுப்பே சிரித்ததிலிருந்து நான் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை.

பட்டியல் வந்தது. எங்கள் பெயர்கள் இல்லை. மெலிந்து திரும்பி வந்த வைஷ்ணவியிடம் நடந்ததைச் சொன்னேன்.

"அவன் நாளைக்குன்னு சொல்லியிருக்கான். என்கிட்ட ஒரு ஃபோன் பண்ணிக் கேட்டிருக்கலாமே."

"காச்சல்ல கெடந்தயே."

"அச்சா. ஃபோன் எடுக்க முடியாத அளவுக்கா?"

என் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ரோஹனிடம் போனாள். நானும் பின்னால் போனேன். நான் எழுதியதை அவள் ஹிந்தியில் விளக்கினாள், நன்றாகவே விளக்கினாள். நடுவில் அவன் என்னைப் பார்த்து ஏதோ கேட்டான். மறுபடி சொல்லும்படி கேட்க வெட்கப்பட்டுத் தலையாட்டினேன்.

வெளியே வந்ததும் வைஷ்ணவி தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "ஒரு சீட்தான் இருக்காம். என்னை மட்டும் எடுத்தா உனக்கு ஓகேவான்னு கேட்டான். நீ தலையாட்டிட்ட." பிறகு, "வேணாம்னு சொல்லிடவா?" என்றாள். ஆமாம் என்று நான் சொல்லிவிடுவேனோ என்கிற பயம் அவள் முகத்தில் இருந்தது.

"சேந்துக்க" என்றேன்.

அம்மாவிடம் நானும் சேர்ந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை ஐந்து மணிக்கு மன்றம் கூடும்போது அறையில் இருப்புக் கொள்ளாமல் ஆய்வகத் தாழ்வாரத்துக்குப் போய்விடுகிறேன். போன வாரம் அங்கே நின்றபோது அம்மா அழைத்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வைஷ்ணவி ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

"சத்தமா இருக்குது. க்ளப்புல இருக்கறயா கண்ணு?"

"ஆமாங்ம்மா."

"அப்ப வேலையப் பாரு, நான் வெச்சர்றேன்."

பேச்சு நின்றுபோன ஃபோனைக் காதில் வைத்தபடியே, அவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல், கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.