முதுகு நீர் தெளியும்வரை

காசிலிங்கம் மரக்காணம் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாருகிறவர். எழுபத்தாறாம் வருஷம் சித்திரை மாதம், வேலை உச்சத்தில் இருந்த சமயம், அவருடைய ஏழு மாதப் பெண் வேலம்மாளுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் வலிப்பு வந்ததும் பாண்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிள்ளையின் உச்சிக்குழி புடைத்திருந்தது. மூளைக்காய்ச்சல் என்றார் டாக்டரம்மா.

முதுகில் ஊசி குத்தி நீர் எடுக்கவேண்டும். பிள்ளை அசையக் கூடாது. மனைவி திரௌபதி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். உப்பில் வெடித்த கைகளால் காசிலிங்கம்தான் பிள்ளையின் தலையையும் முழங்காலையும் சேர்த்து வளைத்துப் பிடித்தார். வந்த நீர் கஞ்சித் தண்ணீர் போல இருந்தது.

ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் பென்சிலின் போட்டார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி நீர் எடுத்தார்கள். மறுபடியும் அவரே பிடித்தார். அதே கலங்கல்.

“இந்த மருந்து கேக்கலப்பா. வேற மாத்துறேன்,” என்றார் டாக்டரம்மா.

“அதுவாவது கேக்குங்களா?”

“பாக்கலாம்.”

காசிலிங்கம் நடைபாதையில் துண்டை விரித்துக் கிடந்தார். பயப்படக்கூட உடம்பில் தெம்பில்லை. புது மருந்து ஏறிய மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. பிள்ளை பால் குடித்தது.

“அதான் நல்லாயிடுச்சே, ஊருக்குப் போயிடலாங்க,” என்றாள் திரௌபதி.

“பாதியில விட்டா திரும்ப வருமாம். இங்கயே கெட,” என்றார்.

இன்னும் பதினோரு நாள் கிடந்தார்கள். கடைசியாக எடுத்த நீர் தெளிந்திருந்தது. நர்ஸ் சிரித்தாள். காசிலிங்கம் அங்கேயே தரையில் உட்கார்ந்தவர், அப்படியே தூங்கிப்போனார்.

ஆவணியில்தான் தெரிந்தது. உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் எஞ்சின் பக்கத்திலேயே தடதடவென்று கிளம்பியும் பிள்ளை கண் விழிக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. மறுபடி பாண்டிக்குப் போனார்கள். டாக்டரம்மா இரண்டு காதுப் பக்கமும் கைதட்டிப் பார்த்துவிட்டு, “காது கேக்கலப்பா,” என்றார்.

“நான் சரியாப் புடிக்கலீங்களா?” என்று கேட்டார் காசிலிங்கம்.

“ஐயோ, அதுல ஒண்ணும் இல்லப்பா. மருந்து கேக்குறதுக்குள்ள நோய் காதைக் கெடுத்துடுச்சு. நீ அசையாம புடிச்சதாலதான் மருந்து கேக்கலன்னே எனக்குத் தெரிஞ்சுது.”

காசிலிங்கம் தலையை ஆட்டிக்கொண்டார். திரும்பி வரும் பஸ்ஸில் திரௌபதி ஜன்னலோரம் அழுதுகொண்டிருந்தாள். பிள்ளை அவர் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தது. கண்டக்டரிடம், “மரக்காணம் வந்தா எழுப்பி விடுப்பா,” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.