முக்காலிக்குக் கிடைத்த விறகுத் தொட்டி

கோமளத்துக்கு நாய் என்றாலே ஆகாது. சின்ன வயசில் கெண்டைக்காலில் கடி வாங்கியவள். மந்தைவெளியில் ஒரு கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் போய்ப் பத்து வருஷமாகிறது. நூற்று முப்பது பிள்ளைகளுக்கு அவள்தான் சோறு வடிக்க வேண்டும். அவள் அதட்டினால் மாடி வகுப்புகூட அடங்கிவிடும்.

1993 ஆடி மாதம், அவள் கண்ணெதிரே ஒரு குட்டிநாய் பஸ் சக்கரத்தில் காலைக் கொடுத்தது. எல்லாரும் 'ஐயோ' என்றுவிட்டுப் போனார்கள். கோமளமும் நாலடி நடந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, திரும்பி வந்து, காலி அரிசிச் சாக்கில் அதைச் சுற்றி எடுத்துக்கொண்டு ஆட்டோ ஏறினாள். மாட்டாஸ்பத்திரியில் பின்னங்கால் ஒன்றை எடுத்துவிட்டார்கள். பத்து நாள் கழித்து, "இங்க இடமில்லம்மா, கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார்கள்.

அவள் குடியிருந்த ஒற்றை அறையில் வீட்டுக்காரர் கோழிகூட வளர்க்க விடமாட்டார். அதனால் நாய் பள்ளிக்கூடச் சமையலறைக்குப் பின்னால் குடிவந்தது. பிள்ளைகள் அதற்கு முக்காலி என்று பெயர் வைத்தார்கள்.

தலைமையாசிரியை சூடாமணி ஒரு மாதம் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். பிறகு கூப்பிட்டார்.

"கோமளம், எனக்கும் பாவமாத்தான் இருக்கு. திங்கக்கிழமை ஆபீசர் வரார். சமைக்கற எடத்துல நாய் நின்னுண்டிருந்தா என்னைத்தானே கேப்பா?"

நாலு நாள்தான் இருந்தது. தெருவில் விட்டால் நாய் வண்டிக்காரன் முதலில் பிடிப்பது ஓட முடியாத நாயைத்தான். கோமளம் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டாள். ஊனமான நாய் ராசியில்லை என்றார்கள். அடையாற்றிலிருந்து வரும் ஹம்சினி டீச்சர் ஆசையாக ஆட்டோவில் கூட்டிப்போனாள்; மற்ற குடித்தனக்காரர்கள் சண்டைக்கு வரவே, மறுநாளே அழுதுகொண்டு திருப்பிக் கொண்டுவந்தாள். அன்று கோமளத்துக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை பீர் முஹம்மது விறகு இறக்க வந்தார். மூன்று தெரு தள்ளி விறகுத் தொட்டி, அதாவது விறகுக் கடை, வைத்திருப்பவர். வண்டியைக் கண்டதும் முக்காலி தத்தித் தத்தி முன்னால் வந்து, ஆளை உள்ளே விடாமல் குரைத்தது.

"இன்னா தொண்டைமா இதுக்கு!" என்றார் அவர். "யாரு நாயி?"

"யாரு நாயும் இல்ல பாய். நீ இட்டுக்கினு போறியா?" கேட்டுவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உங்க வூட்டுல நாயி வெக்க மாட்டீங்க இல்ல?"

"வூட்டுல ஆவாதுமா. தொட்டில வெச்சிக்கலாம். டெய்லி எவனோ சவுக்குக் கட்டைய உருவிக்கினு பூடறான்."

கோமளத்துக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "நல்லா பாத்துக்கோ பாய், மூணு காலுதான். திருடன தொரத்தாது."

"தொரத்தறதுக்கு நான் கீறேன். கொரைக்கறதுக்கு காலு எதுக்கு?"

முக்காலி விறகு வண்டியிலேயே போனது. கோமளம் அடுப்படிக்குத் திரும்பி, தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அழுகை நின்றதும் பசித்தது. பழைய சோறும் வெங்காயமும் இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை ஆபீசர் வரவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொட்டிக்குப் போய்ப் பார்த்தாள். முக்காலி தத்தித் தத்தி வந்து அவள் கையை நக்கியது. அதற்குள் லாரி ஒன்று உள்ளே நுழைய, அவளை விட்டுவிட்டு அதைப் பார்த்துக் குரைக்கப் போய்விட்டது. பீர் முஹம்மதுவின் மனைவி ஜஹனாரா டீ கொண்டுவந்தாள்.

"வாசப்படி தாண்டக் கூடாதுன்னு சொல்லிட்டேன்கா," என்றாள் கறாராக. "மழைல நனையுதேன்னு அந்த மூலைல தகரம் மட்டும் போடச் சொன்னேன்."

கோமளம் தகரத்தைப் பார்த்தாள். கீழே பழைய கோணி ஒன்று நாலாக மடித்து விரித்திருந்தது. அவள் அவசரமில்லாமல் டீயை ஆற்றிக் குடித்தாள்.