அப்பா உரத்துச் சொன்ன மன்றாட்டு

அன்று செபமாலைக்கு இருந்தது நாலே பேர்: அப்பா, அம்மா, தங்கச்சி, நான். மற்ற ஒருவரும் வரவில்லை. 2016 மார்ச், ஒரு வியாழக்கிழமை. கிரேவ், வேலைநிறுத்தம் என்று ரயில்கள் ஓடவில்லை. லெ பிளாங்-மெனில், பொண்டி என்ற புறநகர்களிலிருந்து லா ஷப்பலில் எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வருகிறவர்கள் வீட்டிலேயே நின்றுவிட்டார்கள். ஆண்டவர் எனக்குச் செய்த முதல் உதவி அதுதான்.

நான் அப்போது சரியாகக் குழம்பிப்போயிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். பொது மருத்துவப் பயிற்சியும் முடிகிற நேரம். அதற்கு மேல் எது? மருத்துவர்களுக்கான ஒஸ்தெயோபாத்திப் படிப்பு, அதாவது முதுகையும் மூட்டையும் கையாலே அழுத்தித் திருப்பிக் குணமாக்குகிற வழி. இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் தொற்றுநோய்ப் பிரிவு, மருந்தும் பரிசோதனையுமான வழி. வீட்டில் கேட்டறிய ஒருவரும் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. முடிவு சொல்ல இன்னும் பத்து நாள்தான்.

செபக்கூட்டத்தார் எனக்காக முடிவு செய்துவிட்டார்கள். செபம் முடிந்ததும் முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். “டொக்டர் தம்பி, மாதா உனக்குக் கையைத் தந்திருக்கிறா, பிறகென்ன குளிசை மருந்து?” என்பார் பொண்டி மாமா. அப்பாவுக்கும் மாதக்கணக்காக நாரிநோ, இடுப்புக்கு மேலே முதுகுவலி. ரெஸ்ரோரண்ட் குசினியில் சமையல் கிடாரம் தூக்குகிற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று நானும் நினைத்தேன். வருகிற ஞாயிறு நானே அவர் முதுகைத் திருப்பிவிடுவதாகச் சொல்லியிருந்தேன்.

செபமாலை முடிய ஒவ்வொருவரும் தன் மன்றாட்டை வாய்விட்டுச் சொல்வது எங்கள் வழக்கம். நான் வழிகாட்டச் சொல்லிக் கேட்டேன். ஆட்கள் இருந்தால் அப்பா “எல்லாருக்காகவும்” என்பதோடு நிறுத்திவிடுவார். அன்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

“மாதாவே, இரவிலை வேர்க்கிறது நிக்கவேணும். மூண்டு பெனியன் மாத்திறன். பின்னேரமானால் காய்ச்சல். காற்சட்டையும் இடுப்பிலை நிக்குதில்லை. பிள்ளைக்குச் சொன்னால் அவன்ரை படிப்புக் குழம்பும்.”

நான் இடையில் கேட்டேன்:

“அப்பா, இது எப்ப துவங்கினது?”

“நான் மாதாவோடை கதைக்கிறன். நீ ஏன் குறுக்கை?”

“அவவுக்குச் சொன்னதை எனக்கும் சொல்லுங்கோவன்!”

“மாதாதான் கேக்கிறா எண்டு நினைச்சுச் சொல்லுங்கோ,” என்றா அம்மா.

அடுத்த நாள் காலை ஆஸ்பத்திரி. ஸ்கேன் படத்தில் முள்ளந்தண்டு அரித்துப்போயிருந்தது. காசநோய் என்று பிறகு உறுதியானது. “பலமாகத் திருப்பியிருந்தால் இரண்டு காலும் விளங்காமல் போயிருக்கும்,” என்றார் பெரிய டொக்டர். ஞாயிறுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. வெளியே வந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

ஒரு வருடம் குளிசை. அப்பா சுகமானார். இப்போது பாரம் தூக்குவதில்லை, ஆனால் படியேறி நாலாம் மாடிக்கு வருகிறார்.

ஒஸ்தெயோபாத்தியை நான் குறை சொல்லவில்லை. ஒழுங்காகப் படித்தவர்கள் கை வைக்க முன் கேள்வி கேட்பார்கள். கேட்காமல் விட்டவன் நான். என் வழி எது என்று அந்த ஒரு மன்றாட்டில் தெளிந்தது. தொற்றுநோய்ப் பிரிவுக்கே போனேன். அன்றைக்குப் பிறகு ஒரு நாளும் மனம் மாறவில்லை.

சகோதரங்களே, உங்கள் பாரத்தை மனதுக்குள்ளே பூட்டி வைக்காதீர்கள். வீட்டாருக்கும் கேட்க உரத்துச் சொல்லுங்கள். ஆண்டவர் கேட்கிறார். பக்கத்தில் இருக்கிறவனின் காதையும் திறந்துவிடுகிறார். நம்பிச் சொல்லிப் பாருங்கள்.

அப்பாவின் வைத்தியத்துக்கு எங்கள் கையால் ஒரு சதமும் போகவில்லை, காப்புறுதி பார்த்துக்கொண்டது. ஒஸ்தெயோபாத்திப் படிப்புக்கு நான் அவசரப்பட்டுக் கட்டின பதிவுப் பணம் மட்டும் திரும்பி வரவில்லை. அம்மா அதை மாதாவுக்குப் போட்ட காணிக்கை என்கிறா. நானூற்று இருபது யூரோ.