வள்ளத்துக் கயிற்றில் இரண்டு பேர்

“…மூச்சை விடுங்கோ காக்கா, ஆனா கயிற்றில மட்டும் சாயாதேங்கோ! புளியமரத்தை வீட்டில இருக்கிற மச்சி எண்டு நினைச்சு இறுக்கிக் கட்டிப் பிடியுங்கோ!”

கீழே நின்று, அண்ணன் முறை வைத்து என்னைக் காக்கா என்றும் என் மனைவியை மச்சி என்றும் சொல்லி இப்படிக் கத்தியவன், என்னோடு மரம் தறிக்க வந்த வங்காலை மீனவன். சற்று முன்தான் அடுத்த மரத்திலிருந்து விழுந்திருந்தான். வலது கை தோளை விட்டு நழுவி, முருங்கைக்காய் மாதிரித் தொங்கியது. வாய்க்கு மட்டும் ஒரு சேதமும் இல்லை.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்றுக் கிளம்பிக் கடல் கொந்தளித்தால் வங்காலை வள்ளங்கள் கரையேறிவிடும். அந்த மாதங்களில் அவன் எங்களோடு தந்திக் கம்பி வேலைக்கு வருவான். துரைமாரின் செய்தி தடங்காமல் போக வேண்டுமே. அதற்காக அடம்பன் பக்கத்துத் தெருவோரமெல்லாம் கம்பியில் முட்டும் கிளைகளைத் தறித்துக்கொண்டு போவோம்.

இடுப்பையும் மரத்தையும் சேர்த்துக் கட்டக் கந்தோரில், அதுதான் தந்தி அலுவலகத்தில், புதுக் கயிறு தந்திருந்தார்கள். அன்று காலை அதைத் தடவிப் பார்த்து மூக்கைச் சுளித்தான்.

“இது ஆட்டுக்குட்டி கட்டக் காணும் காக்கா. என்ர வள்ளத்துக் கயிறைப் பாருங்கோ. சுறாவாலயே அறுக்கேலாமப் போனது!”

எனக்கும் ஆசை வந்துவிட்டது. அதை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை என் இடுப்பில் அவனே முடிந்தான். முடிச்சென்றால் முடிச்சு, அப்படி ஓர் அழகு! ஆனால் அந்தத் தும்புக் கயிறு கடல் தண்ணீரில் ஊறிக் கிடந்த காலத்தோடு அதன் பலமும் போயிருந்தது. கூரைக்குள் தொங்கிக் காய்ந்ததில், வெளியே முறுக்கு அப்படியே இருக்க, உள்ளே இற்றிருந்தது.

என்னை ஏற்றிவிட்ட ஏணியை இன்னொருவனோடு தூக்கி அடுத்த மரத்துக்குக் கொண்டுபோய், அவன் மற்றவர்களிடம் திரும்பிப் போனதும் தானும் ஏறினான். இரண்டு கையாலும் வெட்டத் தன் பாதிக் கயிற்றில் பின்னால் சாய்ந்தான். பட்டென்று ஒரு சத்தம். கத்தி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

மற்றப் பாதியில் நான் சாய்ந்து நிற்கிறேன். எனக்கு நேர் கீழே தெருவுக்கு உடைத்துப்போட்ட கருங்கல் குவியல். வேலையை மேற்பார்க்கும் ஓவசியரும் மற்றவர்களும் எங்கள் குரல் எட்டாத தூரத்தில். மரத்தைக் கட்டிப் பிடித்தேன். கன்னத்தையும் பட்டையோடு அழுத்தினேன்.

“மச்சி இவ்வளவு சொரசொரப்பில்லையடா!”

“அதை வீட்ட போய் அவவிட்டச் சொல்லுங்கோ. இப்ப விடாதேங்கோ!”

அந்த ஏணியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அவனுக்கோ ஒரு கைதான். ஏணிப் படிகளுக்கிடையே தலையை நுழைத்து, மாடு நுகத்தை இழுப்பதுபோல் கழுத்தால் இழுத்து வந்தான். அடியைப் புளிய வேரில் முட்டுக்கொடுத்து, நல்ல தோளால் நெம்பி நெம்பி நிமிர்த்தினான். என் கால் படியைத் தொட்டதும் ஏணியோடு சாய்ந்து நின்றுகொண்டான்.

நான் இறங்கி மண்ணில் நின்ற பிறகுதான், தொங்கிய கையைப் பிடித்துக்கொண்டு குந்தி, “மாதாவே!” என்று தெருவே அதிரக் கத்தினான்.