முன்னிருக்கைக்காரர் வெளியேறும் வழி

பறந்துகொண்டிருக்கும் விமானத்திலிருந்து என் தங்கை எழுந்து குதிக்கப் போகிறாள், என்னை அதில் தனியாக விட்டுவிட்டு. லிங்கி ஊருக்கு மேலே, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களின் தலைக்கு மேலே உட்கார்ந்துகொண்டு நான் அப்படித்தான் நம்பினேன். சும்மா ஒரு சந்தேகம் என்றால் வெளியே சொல்லிக்கொள்ளலாம். முழுசாக நம்பினேன். ஐம்பதைத் தாண்டியவன், செம்பனைக் குலை ஏற்றிய லோரியைச் சகதி மேட்டில் பின்னோக்கி ஏற்றத் தெரிந்தவன், வாய்விட்டு முனீஸ்வரனைக் கூப்பிட்டேன். அவருக்கும் அந்த உயரம் பழக்கமில்லை போலிருக்கிறது. வரவில்லை.

என் தங்கை ஆஸ்திரேலியாவில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை விடுப்பில் வருவாள். வந்த பெட்டியை முழுசாகப் பிரிப்பதற்குள் கிளம்பிவிடுவாள். செண்டாயானில் நான் வீடு வாங்கியபோது பின்னறையை அவளுக்கென்று ஒதுக்கினேன். சுவருக்கு அவளுக்குப் பிடித்த வெளிர்மஞ்சள் அடித்தேன், ஏர்கோன் போட்டேன். அந்த அறையில் இதுவரை அதிகமாகத் தங்கியது பல்லிதான்.

இந்தமுறை கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ‘திரும்பி வந்துடும்மா. இங்கயும் விமானம் இருக்கு, இங்கயும் கத்துக்கப் பிள்ளைங்க இருக்காங்க.’ இவ்வளவுதான், என்ன பெரிய வசனம்? ஆனால் சாப்பாட்டு மேசையில் வாயைத் திறந்தால் வேறு ஏதோ வருகிறது. “அங்க எல்லாத்துக்கும் சர்டிபிகேட் கேப்பாங்களாமே, இடியப்பத்தையும் இஞ்சினியர்தான் புழியணுமா?” என்று கேட்டேன். அவள் சிரித்தாள். என் மனைவி என்னை முறைத்தாள். கேள்வி இடியப்பத்தோடு உள்ளே போய்விட்டது.

அப்படியிருக்க ஒருநாள் அவளே வந்து, “ண்ணே, ஒரு பழைய பிளேன்ல உன்ன ஏத்திட்டுப் போறேன், வர்றியா?” என்றாள். லிங்கிப் பக்கம் தோட்டத்துக்குள் ஒரு புல் ஓடுபாதை உண்டு. அதன் தவுக்கே, அதாவது முதலாளி, பழைய இயந்திரங்களைச் சேர்க்கும் பைத்தியம். அவருடைய விமானத்தை இவள்தான் சோதித்து ஓட்டிக் காட்ட வேண்டுமாம். எனக்கு ஒரே சந்தோஷம். ஆகாயத்தில் நானும் அவளும் மட்டும். மேசை இல்லை, இடியப்பம் இல்லை, முறைக்க மனைவி இல்லை. அங்கே கேட்டுவிடலாம்.

கொட்டகைக்குள் விமானத்தைப் பார்த்ததும் பாதி தைரியம் போய்விட்டது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இறக்கை, நடுவில் குச்சிகள், குறுக்கே கம்பிகள். தோல் என்று நான் நினைத்தது துணி. தட்டினால் மேளம் மாதிரி சத்தம்.

“இது துணியாலா?”

“துணிதான். சாயம் பூசி இறுக்கினது. போருக்குப் போற பையன்களுக்குப் பழகிக் குடுக்கச் செஞ்சது. ரெண்டு உலகப் போருக்கு நடுவுல.”

“போர்ல செத்தவங்கள விட இதுல செத்தவங்க அதிகமா?”

அவள் வாத்தியார் குரலுக்கு மாறிவிட்டாள். என்னை இழுத்துக்கொண்டுபோய் மேல் இறக்கையைக் காட்டினாள். அது கீழ் இறக்கைக்கு நேர்மேலே இல்லை, முன்னால் தள்ளி இருந்தது.

இதைச் செய்த கம்பெனியின் முந்தைய விமானத்தில், அவள் சொன்னாள், மேல் இறக்கை முன்னிருக்கைக்கு நேர்மேலே கூரை மாதிரி நின்றது. வாத்தியார் உட்காருவது முன்னிருக்கை. ஆபத்து வந்தால் அவர் முதுகில் பாரசூட்டோடு அந்தக் கூரைக்கும் கம்பிகளுக்கும் நடுவில் சிக்கிக்கொள்வார். விமானப்படை இது ஆகாது என்றது. சரி என்று கொட்டகைக்குள்ளேயே வெட்டி, ஒட்டி, இறக்கையை முன்னால் தள்ளினார்கள். தள்ளியதும் எடை கணக்குக் கெட்டுவிட்டது. அதைச் சரிக்கட்ட இறக்கை நுனிகளைப் பின்பக்கம் சாய்த்தார்கள். சாய்த்ததும் கீழ் இறக்கையின் நுனி தரையில் இடிக்கப் பார்த்தது. அதைக் கொஞ்சம் மேலே தூக்கினார்கள்.

எனக்கு நன்றாகவே புரிந்தது. என் லோரியில் ஒரு விளக்கை மாற்றப் போய் கதவு மூடாமல் போன கதை உண்டு.

“அப்ப இவ்ளோ வேலையும் முன்னால இருக்கிறவரு எறங்கி ஓடத்தானா?”

“ஆமா.”

“பின்னால இருக்கிறவன்?”

“அவன் தலைக்கு மேல எப்பவுமே ஆகாசம்தான். அவனுக்கு ஒண்ணும் தடையில்ல.”

“நான் எங்க?”

“பின்னால.”

சரி, மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காருபவனுக்கு என்ன வேலை, முன்னால் இருப்பவரைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று ஏறினேன். ஏறிப் பார்த்தால் என் முழங்கால்களுக்கு நடுவில் ஒரு பிடி நிற்கிறது, காலடியில் மிதிகள், எதிரே முள் கடிகாரங்கள். மாணவன் உட்கார்ந்து ஓட்டுகிற இடமே அதுதானாம். தலையில் ஒரு குல்லாய் மாட்டினாள். அதன் இரண்டு காதிலிருந்தும் கித்தா ரப்பர்க் குழாய் முன்னிருக்கைக்குப் போனது.

“நான் பேசினா உனக்குக் கேக்கும். நீ பேசினா எனக்குக் கேக்காது. அந்தக் காலத்துல வாத்தியார் பேசணும், பையன் கேக்கணும், அவ்ளோதான்.”

என் திட்டம் அங்கேயே செத்தது. எடுத்துச் சொல்வதற்குள் தவுக்கேயின் ஆள் விமான மூக்கின் விசிறியைச் சுற்றிவிட்டான்.

புல்லில் குதித்துக் குதித்து ஓடி, திடீரென்று குதிப்பு நின்றது. கீழே செம்பனை மரங்கள் பச்சை நட்சத்திரம் நட்சத்திரமாக வரிசை பிடித்தன. லிங்கி ஆறு பால் ஊற்றி ஆற்றிய தேத்தாரே டீ நிறத்தில் கடலைப் பார்த்து வளைந்து போயிற்று. அழகாகத்தான் இருந்திருக்க வேண்டும். நான் பெரும்பாலும் என் முழங்காலைத்தான் பார்த்தேன்.

நிமிர்ந்தபோதுதான் அது நடந்தது. முன்னிருக்கையில் அவளுடைய இரண்டு கைகளும் தலைக்கு மேலே எழுந்தன. அந்த இறக்கையை முன்னால் தள்ளி அவளுக்கென்றே வைத்த வெளியில் எழுந்தன. எறங்கி ஓடத்தானா என்று கொட்டகையில் நானே கேட்டிருந்தேன், ஆமா என்று அவளே சொல்லியிருந்தாள். அவள் பாரசூட் மாட்டவில்லை என்பது எனக்குத் தெரியும். பயத்துக்குத் தெரியவில்லை. “போகாதம்மா! போகாத!” என்று கத்தினேன். இத்தனை வருடம் மேசையில் வராத வார்த்தை, காற்று வாங்கிக்கொண்டு போனது.

காதுக்குள் கித்தா வாசனையோடு அவள் குரல் வந்தது.

“ண்ணே, கத்தாத. எனக்கு முன்னால மாட்டியிருக்கிற கண்ணாடியில உன் வாய் தெரியுது. நான் எங்கயும் குதிக்கல. கைய தூக்கினா, பிடி உன்கிட்ட இருக்குன்னு அர்த்தம். நீதான் ஓட்டுற. வானமும் தரையும் சேர்ற கோட்டப் பாத்துக்க, போதும்.”

பிடித்துக்கொண்டேன். லோரியை விட லேசாக இருந்தது. விரலை அசைக்க யோசித்தாலே விமானத்தின் மூக்கு நகர்ந்தது.

“கீழ நீ சொல்ல வுட மாட்ட. எதச் சொன்னாலும் சிரிப்பாக்கிடுவ. அதான் இங்க கூட்டிட்டு வந்தேன்.”

கைகள் இன்னும் மேலேயே இருந்தன.

“நான் அந்த ஊர்க் குடிமகளாயிட்டேன்ண்ணே. ரெண்டு குடியுரிமையும் வச்சிக்க இங்க வுட மாட்டாங்கல்ல. நீல ஐசிய, இந்த நாட்டு அடையாளக் கார்ட, திருப்பிக் குடுத்தாச்சு. திரும்பி வர்ற மாதிரி இல்ல. நீ எனக்காக அந்த ரூம வச்சிருக்கிறது தெரியும். அந்த மஞ்சளப் பாத்ததும் அழுக வந்துச்சு. அத உன் மவளுக்குக் குடுத்துரு. நான் வந்தா ஹால்ல படுத்துக்குறேன்.”

கண்ணாடியில் அவள் கண்கள் என்னைத் தேடின.

“கோவமாண்ணே? கோவம்னா தலைய ஆட்டு, நான் பாக்குறேன்.”

நான் ஆட்டவில்லை. ஆட்டினால் விமானமும் ஆடும் என்று நினைத்தேன். கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோடு கலங்கலாகத் தெரிந்தது. வாத்தியாரம்மா கைகளை இறக்கிப் பிடியை வாங்கிக்கொண்டாள்.

தரையிறங்கியதும் குல்லாயைக் கழற்றிவிட்டு என் பக்கம் வந்து நின்றாள். இப்போது நான் பேசினால் அவளுக்குக் கேட்கும். வாய் வரைக்கும் ஒரு நையாண்டி வந்தது, நல்ல நையாண்டிதான். சொல்லவில்லை. “சரிம்மா” என்றேன். அவள் என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். தவுக்கே எனக்கு வாந்தி வருகிறது என்று நினைத்து வாளி எடுத்து வந்தார்.

அந்த வாரக் கடைசியில் அவளை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன். வெளிநாட்டவர் வரிசையில் நின்று, புது ஆஸ்திரேலியக் கடப்பிதழைக் காட்டி, போனாள்.